செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு: வலைப்பதிவுக்கு ஆள் வருவது இப்படித்தான்

2010இல் வலைப்பதிவு தொடங்கியபோது முதல் ஆறு மாதம் எனக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து வருகை காட்டும். அதில் எட்டு நானேதான். பதிவைப் போட்டுவிட்டு யாராவது வந்தார்களா என்று திறந்து திறந்து பார்த்தது. மீதி ஏழில் என் மச்சான் இரண்டு தடவை வந்திருப்பார். வீட்டுக்கு வரும்போது "படிச்சேன் மாப்ள, நல்லா இருந்துச்சு" என்பார், எதைப் படித்தீர்கள் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அப்போது நான் எழுதாத விஷயம் இல்லை. சினிமா விமர்சனம், தேர்தல் கணிப்பு, பேருந்தில் பக்கத்து சீட்டுக்காரர் செய்த அலம்பல், நடுவில் நாலு கவிதை. அந்தக் காலத்துப் பதிவுலகத்தில் எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள், அதனால் அது தப்பாகவும் தெரியவில்லை. ஒரு நாள் மொட்டை மாடியில் இருந்த அடுக்குச் செம்பருத்திக்கு மாவுப்பூச்சி வந்து, நான் பட்ட பாட்டை எழுதி, "மாவுப்பூச்சியும் நானும்" என்று தலைப்பு வைத்துப் போட்டேன். ஒருவரும் வரவில்லை. மூன்று மாதம் கழித்து எதிர்வீட்டு அக்கா மாடியிலிருந்து கூப்பிட்டுக் கேட்டார்: "தம்பி, செம்பருத்தில வெள்ளையா பஞ்சு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கே, அது என்னது?"

அவருக்கு மாவுப்பூச்சி என்ற பெயரே தெரியாது. தெரிந்திருந்தால் எதற்குக் கேட்கப்போகிறார்? அன்று ராத்திரியே பதிவின் தலைப்பை "செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு போல ஒட்டியிருக்கிறதா?" என்று மாற்றினேன். உள்ளே ஒரு வரியைக்கூடத் தொடவில்லை. இரண்டு வாரத்தில் கூகுளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் என் பதிவுகளில் அதிகம் படிக்கப்படுவது அதுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லப்போவது முக்கால்வாசி இந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்று கேட்பவர்கள் நிறைய பேர் இருப்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாளும் பேனாவும்

கணினியைத் திறக்க வேண்டாம். தாளில் உங்களிடம் மற்றவர்கள் வந்து கேட்கும் கேள்விகளை எழுதுங்கள். உங்களுக்கு என்னவெல்லாம் தெரியும் என்று எழுதினால் பட்டியல் பெருமையடிக்கும் பட்டியலாகிவிடும். மற்றவர்கள் உங்களிடம் கேட்பதை எழுதினால்தான் வாசகர் கண்ணுக்குத் தெரிவார். தையல் தெரிந்தவரிடம் "பிளவுஸ்ல கை இறங்கி இறங்கி வருதே ஏன்?" என்று கேட்பார்கள். பத்திரப்பதிவு அலுவலகம் பக்கம் வேலை செய்கிறவரிடம் வில்லங்கச் சான்று எப்படி எடுப்பது, பட்டாவில் அப்பா பெயரை மாற்றி நம் பெயரை எப்படிச் சேர்ப்பது என்று கேட்பார்கள். மெக்கானிக்கிடம் "மழை பெஞ்சா மட்டும் வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதே" என்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு பதிவு.

ஒரே துறையில் முப்பது கேள்வி தேறினால் அதுதான் உங்கள் வலைப்பதிவு. பத்தோடு நின்றுவிட்டால் வேறு துறையைப் பாருங்கள், அல்லது இன்னும் ஒரு மாதம் காதைத் திறந்து வைத்துக்கொண்டு இருங்கள். எல்லாவற்றையும் பற்றி எழுதும் பதிவுகளுக்குக் கூட்டம் வந்ததும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எதை எழுதினாலும் படிக்கவைக்கும் கைக்காரர்கள். நமக்கு அந்தக் கை இருக்கிறதா என்பது இரண்டு வருடம் எழுதினால்தான் தெரியும், அதுவரைக்கும் பயனுள்ளதை எழுதுவோம்.

தமிழில் எழுதுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. மாவுப்பூச்சியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் உலகத்து வேளாண் பல்கலைக்கழகங்களோடு எல்லாம் போட்டி போட வேண்டும். தமிழில் தேடிப் பாருங்கள், உருப்படியாக நாலு பக்கம் இருக்கும், அதில் இரண்டு இயந்திரம் மொழிபெயர்த்ததாக இருக்கும், படித்தால் பூச்சிக்கே தலை சுற்றும். காலி மனை நிறையக் கிடக்கிறது.

எங்கே தொடங்குவது

இதில் ஒரு மாதத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காசு செலவில்லாமல் தொடங்க பிளாக்கர் போதும். 1999இல் வந்தது, 2003இல் கூகுள் வாங்கியது, பழைய வீடு மாதிரி, அழகில்லை, ஆனால் ஒழுகாது. வேர்ட்பிரஸ் 2003இல் வந்த மென்பொருள். அதை நீங்களே இணையத்தில் வாடகைக்கு இடம் பிடித்து நிறுவினால் கதவு ஜன்னல் எல்லாம் உங்கள் இஷ்டம், ஆனால் பராமரிப்பும் உங்கள் தலையில். முதல் ஐம்பது பதிவு எழுதி முடிக்கும் வரை பிளாக்கரிலேயே இருங்கள் என்பது என் கட்சி. பின்னால் பதிவுகளை மொத்தமாக வேர்ட்பிரஸுக்கு மாற்றிக்கொள்ள முடியும்.

ஆனால் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். சொந்தமாக ஒரு இணைய முகவரியை (டொமைன் என்பார்கள்) வாங்கி, பிளாக்கரோடு இணைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஆகும். முதல் வருடம் 199க்குத் தருகிறேன் என்று விளம்பரம் வரும், இரண்டாம் வருடம் புதுப்பிக்க எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், அங்கேதான் பிடிப்பார்கள். பிளாக்கர் தரும் இலவச முகவரி ஒன்றும் கல்வெட்டில்லை. இந்திய வாசகர்களைக் கொஞ்ச காலம் பிளாக்ஸ்பாட்.இன் என்ற முகவரிக்குத் திருப்பிவிட்டுக் கொண்டிருந்தார்கள். 2020இல் அந்தப் பெயரே கூகுள் கையை விட்டுப் போனது. பழைய பதிவுகளில் அந்த முகவரியோடு கொடுத்திருந்த இணைப்புகள் எல்லாம் அம்போ.

சொந்த முகவரி வாங்கினால் புதுப்பிக்கும் தேதியை அலைபேசி நாட்காட்டியில் ஒரு மாதம் முன்னதாகவே போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நானே ஒரு தடவை கோட்டை விட்டேன். நினைவூட்டு மின்னஞ்சல் போன இடம் நான் என்றோ மறந்துபோன பழைய கணக்கு. பதினெட்டு நாள் என் வலைப்பதிவு இருந்த இடத்தில் ஏதோ காலணி விளம்பரம் ஓடியது. அபராதம் கட்டி மீட்டேன்.

பெயரைப் பொறுத்தவரை, தொலைபேசியில் ஒருவரிடம் ஒரே தடவை சொன்னால் அவர் சரியாகத் தட்டிவிட வேண்டும். "ழ" வரும் பெயரை ஆங்கில எழுத்தில் முகவரியாக்கினால் எத்தனை பேர் எத்தனை விதமாகத் தட்டுவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். என் முதல் முகவரியில் இரண்டு "ழ" இருந்தது.

தட்டச்சும் எழுத்தும்

இப்போது அலைபேசியில் பேசினாலே தமிழில் எழுத்தாகி விடுகிறது, ஆகவே இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. கணினியில் தொடர்ந்து எழுதப்போகிறீர்கள் என்றால் தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொள்ளுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த முறை. ஒரு வாரம் கை வலிக்கும், அப்புறம் ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவதைவிட வேகமாக ஓடும். குரல் தட்டச்சில் எழுதினால் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துத் திருத்திவிட்டுப் போடுங்கள். "களை எடுக்க வேண்டும்" என்று நான் சொன்னதை "கலை எடுக்க வேண்டும்" என்று எழுதிவைத்து, கீழே ஒருவர் "எந்தக் கலை, ஆய கலை அறுபத்து நான்கிலா?" என்று கேட்டிருந்தார்.

பக்க அமைப்பில் மூன்று விஷயம் பாருங்கள், போதும். எழுத்தின் அளவு, வரிகளுக்கு இடையில் விடும் இடம், ஓரச் சீர்மை. தமிழ் எழுத்துக்கு மேலே கொக்கியும் கீழே வாலும் உண்டு, ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளியை விட்டால் வரிகள் ஒன்றோடு ஒன்று முட்டும். இருபக்கமும் ஓரம் நேராக வரும்படி வைத்தால் அலைபேசியில் நடுவில் பல் விழுந்த மாதிரி ஓட்டைகள் தெரியும், நம் சொற்கள் நீளமானவை, திரை சின்னது. இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், மீரா இனிமை மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் நல்ல எழுத்துருக்கள். ஏதாவது ஒன்றை வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். இசை ஓடவிடுவது, பனி கொட்டவிடுவது, சுட்டி போகும் இடமெல்லாம் நட்சத்திரம் பறக்கவிடுவது எல்லாம் 2008இல் நாங்கள் பார்த்துச் சலித்தவை.

தலைப்பு: இங்கே நேரம் செலவழியுங்கள்

பதிவை எழுத ஒரு மணி நேரம் ஆனால் தலைப்புக்குக் கால் மணி நேரமாவது கொடுங்கள். தேடுகிறவருக்குத் தன் பிரச்சினையின் பெயர் தெரியாது, அதன் கோலம்தான் தெரியும். "சாம்பல் நோய்" என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரிவது "வெண்டை இலையில் மாவு கொட்டின மாதிரி இருக்கிறது". "மகரந்தச் சேர்க்கைக் குறைபாடு" என்பது நம் வாயில் வருவது, அவர் கேட்பது "சுரைக்காய் பிஞ்சிலேயே அழுகி விழுகிறது". இரண்டையும் தலைப்பில் சேர்த்துவிட முடிந்தால் உத்தமம். கண்ணில் படுவதை முன்னால் வையுங்கள், பெயரைப் பின்னால் வையுங்கள், ஏனென்றால் தேடல் பக்கத்தில் நீளமான தலைப்பின் வாலை வெட்டிவிடுவார்கள். தமிழ் எழுத்து இடத்தை அதிகம் பிடிக்கும், ஆறு ஏழு சொல்லுக்குள் விஷயம் வந்துவிட வேண்டும்.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் கவனியுங்கள். நான் பப்பாளி என்று எழுதினால் யாழ்ப்பாணத்துக்காரர் பப்பாசி என்று தேடுவார். நிலக்கடலை, வேர்க்கடலை, விழுப்புரம் பக்கம் மல்லாட்டை, இலங்கையில் கச்சான். கறிவேப்பிலையைப் பாதிப் பேர் கருவேப்பிலை என்றுதான் தட்டுகிறார்கள். எல்லாவற்றையும் தலைப்பில் திணித்தால் கேவலமாக இருக்கும். முதல் பத்தியில் பேச்சோடு பேச்சாக "எங்கள் பக்கம் இதை இப்படிச் சொல்வோம், அங்கே அப்படிச் சொல்வார்கள்" என்று ஒரு வரி எழுதினால் போதும், அந்த வாசகரும் "அட, நம்ம ஊர்ப் பேரையும் சொல்றாரே" என்று உட்காருவார். சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, கனடா என்று ஆட்கள் எங்கிருந்தெல்லாமோ வருவார்கள், அவர்கள் வீட்டில் மாடியே இருக்காது, பால்கனியில் இரண்டு தொட்டி இருக்கும். அதையும் நினைத்து எழுதுங்கள்.

இன்னொன்று, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகப் பதிவையே ஆங்கில எழுத்தில் எழுதாதீர்கள், படிக்கவே முடியாது. அதற்கு இருக்கும் இடம் பதிவின் முகவரி.

முகவரி என்றதும் ஒரு பழைய தொழில் ரகசியம். பிளாக்கரில் தமிழில் மட்டும் தலைப்பு வைத்தால், அது தமிழை முகவரியில் எடுத்துக்கொள்ளாமல் 'பிளாக் போஸ்ட்' என்று போட்டு ஒரு எண்ணைச் சேர்த்துவிடும். ஊரில் எல்லாப் பிள்ளைக்கும் ராசு என்று பெயர் வைத்து நம்பர் போட்ட மாதிரி. அந்தக் காலத்தில் நாங்கள் முதலில் ஆங்கில எழுத்தில் தலைப்பு வைத்து வெளியிட்டுவிட்டு, உடனே உள்ளே போய்த் தலைப்பைத் தமிழுக்கு மாற்றுவோம், முகவரி பழையபடியே நிற்கும். இப்போது எழுதும் பக்கத்திலேயே வலது ஓரத்தில் நிரந்தர இணைப்பை நாமே எழுதிக்கொள்ள வசதி இருக்கிறது. செம்பருத்தி, மாவுப்பூச்சி என்று மூன்று நாலு சொல்லை ஆங்கில எழுத்தில், நடுவில் சின்னக் கோடு போட்டு எழுதுங்கள். வெளியிட்ட பிறகு அதை மாற்றக் கூடாது.

வேர்ட்பிரஸில் இதற்கு நேர் எதிரான தொல்லை. அது தமிழை அப்படியே முகவரியில் போட்டுவிடும், பார்க்க அழகாக இருக்கும், நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். கணினி ஒவ்வொரு தமிழ் எழுத்துத் துண்டையும் ஒன்பது குறியாக விரித்து எழுதும். புள்ளி, கொம்பு எல்லாம் கணினிக் கணக்கில் தனித் துண்டு, செம்பருத்தி என்ற ஒரே சொல்லில் பதினொரு துண்டு, ஆக 99 குறி. தலைப்பு முழுவதும் இப்படி விரிந்தால் இணைப்பு ஒரு பத்தி நீளத்துக்கு நீண்டு கிடக்கும், பார்க்கிறவர் வைரஸ் என்று நினைத்துத் தொடமாட்டார். அங்கேயும் முகவரியைக் கையால் சுருக்கி எழுதிவிடுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது

முதல் பத்தியிலேயே பதிலைச் சொல்லிவிடுங்கள். செம்பருத்திப் பதிவில் என் முதல் பத்தி இதுதான்: அது மாவுப்பூச்சி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள், வாரம் ஒரு தடவை. இதைப் படித்துவிட்டு ஓடிவிடுவார்களே என்று ஆரம்பத்தில் பயந்தேன். ஓடவில்லை. பதில் கிடைத்த நிம்மதியில்தான் மீதியைப் படிக்கிறார்கள். சோப்பு எதற்கு (எண்ணெய் தண்ணீரோடு கலக்க), எறும்பை ஏன் முதலில் விரட்ட வேண்டும் (மாவுப்பூச்சி விடும் தித்திப்புக்காக எறும்பு காவல் இருக்கும், எறும்பு இருக்கும் வரை பூச்சியை ஒழிக்க முடியாது), முதல் தடவை நான் மத்தியானம் தெளித்து இலையெல்லாம் எப்படிக் கருகியது என்பதெல்லாம் கீழே.

அந்தக் கருகின இலைப் படத்தைப் போட்டேன் பாருங்கள், அங்கேதான் நம்பிக்கை பிறந்தது. இப்போது பொதுவான தகவலைத் தேடல் பக்கத்தின் உச்சியிலேயே இயந்திரம் சொல்லிவிடுகிறது, அதைச் சொல்ல நாம் தேவையில்லை. உங்கள் மாடியில், உங்கள் தொட்டியில், உங்கள் கையால் செய்து சொதப்பியது இயந்திரத்திடம் இல்லை. அதை எழுதுங்கள். எத்தனை நாளானது, எவ்வளவு செலவானது, எது பலிக்கவில்லை.

படம் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். அலைபேசிப் படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்.பி. இருக்கும், அப்படியே ஏற்றினால் கிராமத்தில் சிக்னல் பாதி வரும் இடத்தில் பக்கம் திறக்காது. அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, 200 கே.பி.க்குள் கொண்டுவந்து ஏற்றுங்கள். பத்தி மூன்று நாலு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம், கணினியில் நாலு வரியாகத் தெரிவது அலைபேசியில் ஒரு திரை முழுக்க வரும்.

எத்தனை நாளைக்கு ஒன்று எழுதுவது என்று கேட்பார்கள். வாரம் ஒன்று, அவ்வளவுதான். முதல் மாதம் தினம் ஒன்று எழுதி இரண்டாம் மாதம் காணாமல் போனவர்களின் வலைப்பதிவுகளால் பிளாக்கர் நிரம்பிக் கிடக்கிறது. தொடங்கும்போதே ஐந்து பதிவை எழுதி வைத்துக்கொண்டு முதலாவதை வெளியிடுங்கள், காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் வந்தாலும் ஒரு மாதம் ஓடும்.

முதல் நூறு பேர்

எங்கள் காலத்தில் இது சுலபம். 2004இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் என்ற திரட்டி இருந்தது. பதிவு போட்டால் அங்கே போய் இணைத்துவிடுவோம், முகப்பில் நம் தலைப்பு வரும், வாசகர் அங்கிருந்து வருவார். வாக்குப் போட்டால் மேலே ஏறும், அதற்காக ஒருவர் பதிவுக்கு ஒருவர் போய் வாக்குப் போட்டு, "மீ த ஃபர்ஸ்ட்டு" என்று பின்னூட்டம் போட்டு, முதலில் வந்தவர் வடை எனக்கே என்று சண்டை போட்டு, பாதி நாள் அதிலேயே போகும். இப்போது தமிழ்மணமும் இல்லை, தேன்கூடு என்ற இன்னொரு திரட்டியும் இல்லை, பிடித்த வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரையும் 2013 ஜூலையில் மூடிவிட்டார்கள். திரட்டியை நம்பி இருந்த வலைப்பதிவுகள் பல அதோடு படுத்துவிட்டன. தேடலில் இருந்து ஆள் வந்துகொண்டிருந்தவை தப்பித்தன.

இப்போது அந்த வேலையைச் செய்வது வாட்ஸ்அப்பும் ஃபேஸ்புக் குழுக்களும். ஆனால் இணைப்பைக் கொண்டுபோய் எல்லாக் குழுவிலும் கொட்டுவது கல்யாண வீட்டில் போய் எல்.ஐ.சி. பாலிசி பேசுகிற மாதிரி. குழுவில் ஒருவர் படத்தோடு சந்தேகம் கேட்பார். அவருக்கு அங்கேயே இரண்டு வரியில் முழுப் பதிலையும் சொல்லுங்கள், "விவரமாகப் படத்தோடு எழுதியிருக்கிறேன்" என்று கடைசியில் இணைப்பைக் கொடுங்கள். அவர் வருவார், அதே சந்தேகம் இருந்து வாயைத் திறக்காத பத்துப் பேரும் வருவார்கள். இப்படி வாரத்துக்கு நாலைந்து செய்தால் மூன்று மாதத்தில் நூறு பேர் சேருவார்கள். அவர்கள் அடுத்த தடவை வர ஒரு வழி வேண்டும், அதற்கு வாட்ஸ்அப் சேனல் ஒன்று தொடங்கி ஒவ்வொரு பதிவின் கீழும் இணைப்பு வையுங்கள். அதில் காலை வணக்கம் போடாதீர்கள், தயவுசெய்து.

விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் போய் உங்கள் இணைப்பைச் செருகுவதும் வேண்டாம். ஒரே நாளில் எடுத்துவிடுவார்கள், அது நியாயமும்கூட.

மற்றவர் பதிவுகளில் பின்னூட்டம் போடுவது இன்றும் வேலை செய்யும், ஆனால் "அருமையான பதிவு, என் தளத்துக்கும் வாங்க" என்ற டெம்ப்ளேட் பின்னூட்டத்தை யாரும் மதிப்பதில்லை. எழுதியவர் விட்டுப்போன ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், உங்கள் பெயரைத் தட்டிப் பார்த்து ஆள் தானாக வருவார்.

உங்கள் பக்கத்தில் வந்து கேள்வி கேட்கிறவருக்கு அன்றே பதில் சொல்லுங்கள். அவர் பதிவெழுதத் தெரியாதவராக இருக்கலாம், ஆனால் அடுத்த பதிவுக்கு விஷயம் கொடுப்பவர் அவர்தான். பின்னூட்டம் போட வருகிறவரிடம் கோணல்மாணலான எழுத்தைப் படித்துத் தட்டச் சொல்லும் சொற்சரிபார்ப்பை அணைத்துவிடுங்கள், "வேர்ட் வெரிஃபிகேஷனை எடுங்க சாமி" என்று கெஞ்சாத பதிவர் அந்தக் காலத்தில் இல்லை. அதற்குப் பதில் பழைய பதிவுகளுக்கு மட்டும் மட்டுறுத்தல் (நீங்கள் பார்த்து அனுமதித்த பின்னூட்டம் மட்டும் வெளியே தெரியும் ஏற்பாடு) வையுங்கள், விளம்பரக் குப்பை பெரும்பாலும் பழைய பதிவுகளைத் தேடித்தான் வரும்.

கூகுளின் கணக்குப் புத்தகம்

பத்துப் பதிவு ஆனதும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் உங்கள் முகவரியைச் சேருங்கள். இலவசம். இடம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்கச் சொல்லும், பிளாக்கர் என்றால் அதே கூகுள் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் தானே முடிந்துவிடும். உங்கள் பக்கங்களின் பட்டியலான தளவரைபடத்தை (சைட்மேப்) சமர்ப்பித்துவிட்டு இரண்டு மாதம் அந்தப் பக்கம் போகாதீர்கள். நிஜமாகத்தான் சொல்கிறேன். தினம் போய்ப் பார்ப்பது விதை போட்ட மறுநாள் மண்ணைத் தோண்டிப் பார்க்கிற கதை.

இரண்டு மாதம் கழித்துத் திறந்தால், எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பதிவு கண்ணில் பட்டது, அதில் எத்தனை பேர் தட்டி உள்ளே வந்தார்கள் என்று இருக்கும். நிறைய பேர் கண்ணில் பட்டும் யாரும் உள்ளே வராத பதிவைக் கண்டுபிடியுங்கள். கடை வாசல் வரை வந்து போர்டைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள் என்று அர்த்தம். தலைப்பை மாற்றுங்கள். அப்புறம், நீங்கள் எழுதாத விஷயத்தைத் தேடிவந்தவர்களைப் பாருங்கள். என் செம்பருத்திப் பதிவுக்கு "செம்பருத்தி மொட்டு உதிர்கிறது" என்று தேடி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள், உள்ளே அதைப் பற்றி ஒரு வரிதான் இருந்தது. தனிப் பதிவாக எழுதி, பழையதில் அதற்கு இணைப்பும் கொடுத்தேன். இப்படி ஒரு பதிவு அடுத்த பதிவை ஈன்றுகொண்டே போகும். தாளில் எழுதிய முப்பது கேள்வி தீர்ந்தபின் எனக்கு விஷயப் பஞ்சமே வந்ததில்லை.

பட்டம் பார்த்து விதையுங்கள்

தோட்டக்காரன் என்பதால் இது சீக்கிரம் பிடிபட்டது. ஆடிப்பட்டத்துக்கு என்ன விதைப்பது என்ற பதிவை ஆடி முதல் தேதி போட்டால் பிரயோசனம் இல்லை. கூகுள் அதைக் கண்டுபிடித்து மேலே கொண்டுவருவதற்குள் ஆவணி வந்துவிடும். வைகாசி கடைசியில் போட வேண்டும். தைப்பட்டப் பதிவு கார்த்திகையில். சமையல் எழுதுகிறவருக்கு தீபாவளிப் பலகாரம் புரட்டாசியிலேயே தயாராக வேண்டும், கல்வி எழுதுகிறவருக்குக் கல்லூரிச் சேர்க்கை பற்றியது தேர்வு முடியும் முன்பே. எல்லாத் துறைக்கும் பட்டம் உண்டு.

ஒவ்வொரு வருடமும் புதுப் பதிவு எழுத வேண்டாம், பழையதையே திறந்து, விலையை மாற்றி, இந்த வருடம் என்ன ஆனது என்று இரண்டு பத்தி சேர்த்து, அதே முகவரியில் விடுங்கள். முகவரியில் நீங்கள் எழுதும் பகுதியில் ஆண்டைப் போட்டு வைத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள், ஆகவே போடாதீர்கள்.

காசு

கேட்பீர்கள் என்று தெரியும். 2018இலிருந்து கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரம் தமிழ்ப் பக்கங்களுக்கும் கிடைக்கிறது. பத்து டாலர் சேர்ந்ததும் வீட்டு முகவரிக்குக் கடிதத்தில் ஒரு எண் வரும், அதைத் தட்டி உறுதி செய்ய வேண்டும். நூறு டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். எனக்கு முதல் நூறு சேர ஒன்றரை வருடம் ஆனது. விதைச் செலவுக்கு ஆயிற்று. ஐம்பது பதிவுக்கு முன்னால் விண்ணப்பிக்காதீர்கள், கிடைத்த பிறகும் பக்கத்துக்கு மூன்றுக்கு மேல் விளம்பரம் வைக்காதீர்கள். வேப்பெண்ணெய் அளவைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நாலு விளம்பரத்தைத் தள்ள வேண்டியிருந்தால் அந்த அக்கா திரும்ப வரமாட்டார்.

திருட்டு, கடைசியாகக் காப்பு

பதிவு பிரபலமாகிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம், அது உங்கள் பெயர் இல்லாமல் உங்களுக்கே வாட்ஸ்அப்பில் வரும். என் சித்தப்பா "ரொம்ப உபயோகமான தகவல், அனைவருக்கும் பகிரவும்" என்று எனக்கே அனுப்பினார், என் மாடிப் படத்தோடு. நகலெடுக்க முடியாதபடி வலது சொடுக்கைப் பூட்டுகிறார்கள் சிலர், அது திருடனைத் தடுக்காது, அளவை நகலெடுத்துத் தன் வீட்டுக்காரருக்கு அனுப்ப நினைக்கிற நல்ல வாசகரைத்தான் தடுக்கும். படத்தின் மூலையில் வலைப்பதிவின் பெயரைச் சின்னதாக எழுதிவிடுங்கள், படம் போகும் இடமெல்லாம் முகவரியும் போகும். வேறு தளத்தில் முழுப் பதிவையும் போட்டிருந்தால் முதலில் அவருக்கே எழுதுங்கள், பாதிப் பேர் எடுத்துவிடுவார்கள். மீதிக்குக் கூகுளில் பதிப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கிறது.

மாதத்துக்கு ஒரு தடவை, சம்பள நாள் மாதிரி ஒரு தேதி வைத்துக்கொண்டு, பிளாக்கரின் அமைப்புகள் பக்கத்தில் இருக்கும் காப்புப்பிரதி வசதியைக் கொண்டு பதிவுகளை இறக்கி வையுங்கள். பதிவுகளும் பின்னூட்டங்களும் இறங்கும். படங்களுக்கு அதை நம்பாதீர்கள், அவற்றைப் பதிவுவாரியாகத் தனி அடைவில் (ஃபோல்டரில்) போட்டு வையுங்கள். நான் மின்கட்டணம் கட்டும் அன்றைக்கே இதையும் செய்துவிடுகிறேன், ஒரு பென் டிரைவ், மேசை இழுப்பறையில், விதை டப்பாவுக்குப் பக்கத்தில்.